காணும் அண்ணை, எடுங்கோ

தென் லண்டனிலை ஏதாவது ஒரு தமிழ்க் கலியாணத்துக்கு நீங்கள் போயிருந்தால், ஞானேஸ்வரன்ரை கதிரையிலை ஒருக்காலாவது இருந்திருப்பியள். வெள்ளைத் துணி போட்டு, முதுகுப் பக்கம் தங்கக்கலர் நாடா கட்டின கதிரை. கதிரை, மேசை, மணவறை, நிறைகுடம் வைக்கிற முக்காலி வரைக்கும் அவரின்ரை மோர்டன் கடையிலையிருந்துதான் போகும். ஐயர் பிந்துவார், மாப்பிள்ளை பிந்துவார், பொம்பிளையின்ரை மேக்கப்பைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம். ஞானியண்ணையின்ரை கதிரை மட்டும் பிந்தாது. சொன்னால் சொன்னதுதான் எண்டு பேரெடுத்த மனிசன்.

அப்பிடிப்பட்ட ஆளுக்குச் சனம் மரியாதை குடுக்காமல் விடுமோ? எந்த மண்டபத்துக்குப் போனாலும் முன்வரிசை. சாப்பாட்டுக்கு வரிசையிலை நிக்க விடமாட்டினம். "அண்ணை, நீங்கள் இருங்கோ, கொண்டு வாறம்" எண்டு தட்டு அவரைத் தேடி வரும். கார் விட இடமில்லாட்டில் ஆரோ ஒருத்தன் ஓடிப்போய்த் தன்ரை காரை எடுத்து இடம் விடுவான். இதெல்லாம் பழகிப்போய் அவரின்ரை கண்ணிலையே படுறதில்லை.

கோல்ஃபுக்கு வந்தது நெஞ்சு வருத்தத்தாலை. டோர்ட்முண்டிலை பீட்சாக் கடை அடுப்படியிலை நிண்ட காலத்திலையிருந்து சீஸும் சிகரெட்டுமாக் கிடந்த உடம்பு. ஜெர்மன் பாஸ்போட் எடுத்து, மகள் ஜெனோஜா இங்கிலிஸிலை படிக்கட்டும் எண்டு லண்டன் வந்து, கடையும் போட்டு, அப்பாடா எண்டு மூச்சு விடேக்கை நெஞ்சு பிடிச்சுப்போட்டுது. டொக்டர் நடக்கச் சொன்னார். மனிசன் ஒரு கிழமை பூங்காவைச் சுத்தி நடந்திட்டு வந்து, "இஞ்சரும், நான் இப்ப எங்கை போட்டு வாறன்? ஏன் போனனான்?" எண்டு மனிசி சிவரூபினியைக் கேட்டார். ஒரு வேலையுமில்லாமல் நடக்கிறது அவருக்கு விசர்த்தனமாப் பட்டுது.

அந்த நேரம் பாத்துத்தான் கோலியர்ஸ் வுட்டிலை மூக்குக்கண்ணாடிக் கடை வைச்சிருக்கிற கிருஷ்ணராசா அவரைக் கூட்டிக்கொண்டு போய், சறே பக்கம் ஆரும் போய் விளையாடக்கூடிய ஒரு கோல்ஃப் மைதானத்திலை விட்டார். பந்தை அடிச்சால் அது எங்கையாவது போகும். போனால் தேடி நடக்கத்தானே வேணும். ஞானியண்ணைக்கு இது பிடிச்சுப்போச்சு. எட்டு வருசமாச்சு. ஞாயிற்றுக்கிழமை விடியத்தான் அந்த மனிசன் விசிலடிச்சுக்கொண்டு எழும்புறது. மகளைக் கட்டின நிரூபனும் பிறகு சேந்துகொண்டான். மூண்டு பேரும் ஒரு செற்.

இப்ப ஒரு விசயம் சொல்லவேணும். கோல்ஃபிலை பதினெட்டுக் குழி; எல்லாத்தையும் எவ்வளவு குறைஞ்ச அடியிலை முடிக்கிறமோ அவ்வளவு திறம். அதிலை ஒரு வழக்கம் இருக்கு. பந்து குழிக்குக் கிட்டப் போட்டுதெண்டால், "இனி அது போனமாதிரித்தான், எடு" எண்டு மற்றவை விட்டுக்குடுக்கலாம். கூட்டாளிகள் விளையாடேக்கை எல்லா இடத்திலையும் நடக்கிறதுதான். வெள்ளைக்காரன் ஒரு சாண், ஒண்டரைச் சாணுக்கு விடுவான். எங்கடை ஆக்கள்? "காணும் அண்ணை, எடுங்கோ." ஒரு முழத்துக்கும் காணும், ரெண்டு முழத்துக்கும் காணும். ஒருநாள் பந்துக்கும் குழிக்கும் நடுவிலை ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம், அதுக்கும் கிருஷ்ணராசா காணும் எண்டார். வயசுக்கு மூத்த மனிசனைக் குனியவிட்டு, "எங்கை, தள்ளுங்கோ பாப்பம்" எண்டு சொல்லிப்போட்டு கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறதோ? அதுவும் மருமகனுக்கு முன்னாலை? சீ, அதென்ன பழக்கம்.

எட்டு வருசமா ஞானியண்ணை பந்தைக் குழிக்குள்ளையிருந்து எடுத்ததில்லை எண்டு சொன்னால் நம்பமாட்டியள். வெளியிலையே பொறுக்கிப் பொக்கற்றுக்குள்ளை போட்டிட்டு அடுத்ததுக்கு நடக்கிறதுதான். பகிடி என்னெண்டால், அது விட்டுக்குடுப்பு எண்டே அவருக்குத் தெரியாது. தான் அவ்வளவு கிட்டக் கொண்டுவாறன், அதாலை சொல்லினம் எண்டுதான் மனிசன் நினைச்சுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் தொண்ணூறுக்குக் கீழை முடிச்சிட்டு, வீட்டை வந்து மனிசியிட்டைச் சொல்லிச் சிரிப்பார்.

அவருக்கு அறுபது வயசு முடிய, ஜெனோஜா ஒரு பரிசு குடுத்தாள். கென்ற் கடற்கரையிலை மார்ஷ்கேட் எண்டொரு மைதானம். கோல்ஃப் தெரிஞ்சவையிட்டை அந்தப் பேரைச் சொன்னால் குரலைத் தாழ்த்திக் கதைப்பினம். வெளியாக்களும் சேந்து விளையாடுற போட்டி ஒண்டு வருசத்திலை ஒருநாள் அங்கை நடக்கும். அதுக்குத்தான் மூண்டு பேரின்ரையும் பேரைப் பதிஞ்சு விட்டிருந்தாள்.

அதோடை விட்டிருந்தால் கதையில்லை. பேரப்பிள்ளையின்ரை பிறந்தநாளுக்கு மண்டபம் நிறையச் சனம் இருக்கேக்கை ஆரோ ஞானியண்ணையின்ரை கையிலை மைக்கைக் குடுத்திட்டினம். "மார்ஷ்கேட்டிலை நான் நூறு அடிக்குள்ளை, ரெண்டு இலக்கத்திலை முடிப்பன்" எண்டார் மனிசன். "மூண்டு இலக்கம் வந்துதோ, மட்டைப் பையை அந்தக் கடற்கரையிலையே விட்டிட்டு வாறன். பிறகு கோல்ஃப் எண்டு வாய் திறக்கமாட்டன். இது ஞானேஸ்வரன்ரை சொல்லு." கைதட்டு எண்டால் அப்பிடியொரு கைதட்டு.

"உவருக்கு மைக்கைக் குடுத்தது ஆர்?" எண்டு சிவரூபினி பக்கத்து மேசையைப் பாத்துக் கேட்டா. ஒருத்தரும் ஒத்துக்கொள்ளேல்லை.

போட்டியண்டு விடிய நாலு பேர் காரிலை. சிவரூபினி கடலைப் பாக்க வாறன் எண்டு ஏறினவ. மடியிலை மட்டன் ரோல்ஸ் பெட்டி, காலடியிலை தேத்தண்ணிப் போத்தில். கிருஷ்ணராசாவின்ரை காலிலை புதுச் சப்பாத்து. நிரூபன் கார் ஓடினான். ஞானியண்ணை வழிமுழுக்க விசிலடிச்சுக்கொண்டு வந்தார்.

போய் இறங்கினால், ஒரு மரமில்லை. மணல் மேடும் பள்ளமும், முழங்கால் உயரத்துக்கு மஞ்சள் புல்லும், அதுக்கங்காலை சாம்பல் கலரிலை கடலும்தான். தூரத்திலை பிரான்ஸுக்குப் போற கப்பல் ஒண்டு. கொடிக்கம்பங்கள் எல்லாம் ஒரு பக்கம் சாஞ்சுகொண்டு நிக்குது. "இதென்னப்பா, புல்லுக்கூட ஒழுங்கா வெட்டேல்லை" எண்டா சிவரூபினி. "இதுக்கோ இவ்வளவு பேர்?" காத்து அவவின்ரை சால்வையைப் பிடுங்கிக் கிருஷ்ணராசாவின்ரை முகத்திலை போட்டுது.

இவைக்கு நாலாவது ஆளா அந்த மைதானத்து மெம்பர் ஒருத்தியைச் சேத்துவிட்டிருந்தினம். பேர் ஹிலரி. எழுபது வயசிருக்கும், மிருக வைத்தியராயிருந்து ஓய்வெடுத்தவ. ஒல்லிக் கை, வெடுவெடுத்த நடை. போட்டியிலை ஒருத்தரின்ரை கணக்கை மற்றவர் எழுதவேணும். ஞானியண்ணையின்ரை கணக்கு ஹிலரியின்ரை கையிலை வந்துது.

முதல் அடி எண்டால் அடி! கடலுக்கு மேலாலை போற மாதிரிப் போன பந்தைக் காத்து உள்ளுக்குத் தள்ளிக்கொண்டுவந்து, கட்டாந்தரையிலை உருட்டு உருட்டெண்டு உருட்டி நடுவிலை விட்டுது. எங்கடை மைதானத்திலை விழுந்த இடத்திலை குந்துற பந்து, இஞ்சை ஓடிக்கொண்டேயிருக்குது. ஞானியண்ணைக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. ரெண்டாவது அடி, மூண்டாவது அடி, பந்து குழியிலையிருந்து ஒரு முழம். ஆஹா!

"காணும் அண்ணை!" எண்டார் கிருஷ்ணராசா. "எடுங்கோ மாமா" எண்டான் நிரூபன். வாய்ப் பழக்கம், என்ன செய்யிறது. அவரும் பழக்கத்திலை பந்தைப் பொறுக்கிப் பொக்கற்றுக்குள்ளை போட்டார்.

ஹிலரி அவரைப் பாத்தா. பிறகு, மன்னிக்கவேணும், இண்டைக்குப் போட்டி, எல்லாரும் குழிக்குள்ளை போட்டுத்தான் முடிக்கவேணும், எடுத்ததுக்கு ஒரு அடி கூட்டித்தான் எழுதுவன், திருப்பி வையுங்கோ எண்டு மரியாதையாச் சொன்னா. ஞானியண்ணை சிரிச்சுக்கொண்டு வைச்சார். ஒரு முழந்தானே. சின்ன மட்டையை எடுத்துத் தள்ளினார். பந்து குழியைக் கடந்து அந்தப் பக்கம் போய் நிண்டுது. அங்கையிருந்து தள்ளினார். இந்தப் பக்கம் வந்துது. மூண்டாவதுதான் விழுந்தது. கிருஷ்ணராசா குனிஞ்சு, அவிழாத சப்பாத்துக் கயிறைக் கட்டிக்கொண்டிருந்தார். நிரூபன் கப்பலைப் பாத்துக்கொண்டு நிண்டான்.

ரெண்டாவதிலையும் உந்தக் கூத்துத்தான். மூண்டாவதிலையும். பந்தைத் தூரத்துக்கு அடிக்கிறதெல்லாம் வடிவா நடக்குது, கிட்டப் போனவுடனை பந்து குழியை விட்டு விலகி ஓடுது. எட்டு வருசமாச் செய்யாத வேலையை அறுபது வயசிலை காத்துக்குள்ளை நிண்டு படிக்க ஏலுமோ?

அஞ்சாவதுக்குப் போற மேட்டிலை ஏறினவர் உச்சியிலை நிண்டிட்டார். "கிருஷ்ணராசா, இஞ்சை வா. உண்மையைச் சொல்லு. இந்த எட்டு வருசத்திலை ஒரு முழத்திலையிருந்து நான் ஒருக்காலாவது உள்ளுக்குப் போட்டிருக்கிறனோ?"

கிருஷ்ணராசா தொப்பியைக் கழட்டித் தலையைச் சொறிஞ்சார். "போட்டிருக்கிறியள் அண்ணை. போன வருசம். மழைக்குள்ளை."

"அண்டைக்கு நான் சறுக்கி விழுந்தனான்."

"ஓம். மட்டை பட்டுப் போனது."

ஞானியண்ணை மனிசியைப் பாத்தார். "உமக்கும் தெரியுமோ?"

"எனக்கு உங்கடை விளையாட்டு என்ன தெரியும்?" எண்டா சிவரூபினி. "மற்ற ரெண்டு பேரும் நாரி நோகுது எண்டு வருவினம். நீங்கள் மட்டும் பிளவுஸுக்கு அளவு குடுக்கிறவள் மாதிரி நிமிர்ந்துகொண்டு வருவியள். ஏனெண்டு யோசிச்சிருக்கிறன்."

வேறை நேரமெண்டால் சிரிச்சிருப்பார். மனிசனுக்கு அண்டைக்கு முகம் சிவந்துபோச்சு. அவருக்கு நல்லா நொந்துது, அதை ஏன் மறைப்பான்? வாழ்க்கையிலை தனக்கெண்டு, தன்ரை கையாலை செய்தது எண்டு அவர் நினைச்சது இந்த ஒரு விளையாட்டைத்தான். அதையும் தட்டிலை போட்டுக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறாங்கள். சபையிலை வேறை வாயை விட்டாச்சு. இந்தப் போக்கிலை போனால் நூறைத் தாண்டி எங்கையோ நிக்கும். பிறகு ஞாயிற்றுக்கிழமையும் இல்லை, விசிலும் இல்லை.

ஒருத்தரோடையும் கதைக்காமல் முன்னாலை நடந்தார். ஏழாவதிலை பந்து பங்கருக்குள்ளை விழுந்துது. எங்கடை பக்கத்துப் பங்கர் இல்லை அது. தண்டவாளக் கட்டையாலை சுவர் எழுப்பி, ஆள் உயரத்துக்கு வெட்டின மணல் கிடங்கு. உள்ளுக்கு இறங்கினவரின்ரை தொப்பி மட்டும்தான் வெளியிலை தெரிஞ்சுது. "அண்ணை, ஊரிலை குண்டு விழேக்கை பங்கருக்குள்ளை போறதுக்கு ஓடினம், இஞ்சை போகாமல் இருக்க ஓடவேண்டிக் கிடக்கு" எண்டு கிருஷ்ணராசா மேலை நிண்டு சொன்னார். கிடங்குக்குள்ளையிருந்து ஒரு பிடி மணல்தான் பதிலா வந்துது. பந்து எப்பிடியோ அடுத்த அடியிலை மேலை வந்திட்டுது.

பாதி முடிய ஒரு சின்னக் கொட்டிலடியிலை எல்லாரும் நிண்டினம். சிவரூபினி பெட்டியைத் திறந்தா. திறந்ததுதான் தாமதம், ஒரு கடற்காகம் வந்து கிருஷ்ணராசாவின்ரை கையிலையிருந்த மட்டன் ரோலை அப்பிடியே தூக்கிக்கொண்டு போச்சுது. "ஐயோ, உறைப்புக் கூட, அது சாகப்போகுது!" எண்டு சிவரூபினி பதறினா. ஹிலரிக்குச் சிரிப்பு அடங்கேல்லை. தானும் ஒண்டு எடுத்துக் கடிச்சு, கண்ணிலை தண்ணி வர வர முடிச்சு, இன்னொண்டுக்குக் கை நீட்டினா. ஞானியண்ணையின்ரை உதடு கொஞ்சம் அசைஞ்சுது. ஆனால் மற்ற ரெண்டு பேரின்ரை பக்கம் திரும்பேல்லை.

பத்தாவதிலை அவரின்ரை பந்து மஞ்சள் புல்லுக்குள்ளை போட்டுது. தேடிப் போன இடத்திலை நிரூபன் மட்டும் பின்னாலை வந்தான். மணல் மேட்டுக்கு அங்காலை ரெண்டு பேரும் தனிய.

"மாமா, கோவமோ?"

"நீயாவது சொல்லியிருக்கலாம். அவன் கூட்டாளி, பகிடிக்குச் செய்வான். நீ எனக்கு மகன் மாதிரி."

நிரூபன் புல்லை விலத்திக்கொண்டே கதைச்சான். "நான் ஜெனோஜாவைக் கேட்டு உங்கடை வீட்டை வந்த நாள் நினைவிருக்கோ மாமா? படிப்பைப் பாதியிலை விட்டிட்டன். வேலை இல்லை. உங்கடை சொந்தக்காரர் வரிசையா இருந்து, அது இருக்கோ, இது இருக்கோ எண்டு கேட்டுக்கொண்டிருந்தவை. என்னட்டை ஒண்டும் இல்லை. நீங்கள் தேத்தண்ணிக் கோப்பையை வைச்சிட்டு ஒரு சொல்லுச் சொன்னியள். பிள்ளைக்கு அவனைப் பிடிச்சிருக்கு, காணும் எண்டு. அவ்வளவுதான். எல்லாரும் எழும்பிச் சாப்பிடப் போட்டினம்."

ஞானியண்ணை மட்டையாலை புல்லைக் கிளறினார்.

"அப்பிடிப்பட்ட மனிசனை ஒரு முழத்திலை நிப்பாட்டி, போடுங்கோ பாப்பம் எண்டு நான் எந்த வாயாலை சொல்லுறது மாமா? எனக்கு ஏலாது."

"அது வேறை, இது வேறை" எண்டார் ஞானியண்ணை. "இந்தக் காத்து கண்ணுக்குள்ளை மண்ணை எல்லோ அள்ளிப் போடுது." கைலேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைச்சார். பிறகு காலடியிலையே கிடந்த பந்தைக் கண்டு, "இஞ்சை கிடக்கு" எண்டார். அடிக்க முதல் திரும்பி, "இண்டைக்கு ஒருத்தரும் காணும் எண்டு சொல்லப்படாது. விளங்கிச்சோ?" எண்டார். நிரூபன் ஓம் எண்டான்.

அதுக்குப் பிறகு மனிசன் விளையாடினது ஒரு வேறை விளையாட்டு. ஒவ்வொரு குழியடியிலும் குனிஞ்சார், நிலத்தைப் பாத்தார், நாரியைப் பிடிச்சுக்கொண்டு நிமிர்ந்தார், தள்ளினார். ரெண்டு மூண்டு தவறிச்சுது. பதின்மூண்டாவதிலை ஒரு முழத்திலையிருந்து தள்ளினது நேரே போய் டொக் எண்டு விழுந்துது. முதல் தள்ளிலையே. ஞானியண்ணை அப்பிடியே நிண்டார். பிறகு போய்க் குழிக்குள்ளை கையை விட்டு, "எடேய், இப்பத்தான் கவனிக்கிறன், உவ்வளவு ஆழமோ இது?" எண்டார். கிருஷ்ணராசா விழுந்து விழுந்து சிரிச்சார், இந்த முறை அவரும் சேந்து சிரிச்சார். அடுத்ததுக்குப் போகேக்கை மெல்லிய விசில் ஒண்டு கேட்டுது.

விசிலோடை அடியும் வந்துது. தூர அடிகள் எல்லாம் காத்துக்கு மேலை ஏறிப் போய் விழுந்துது. பதினேழாவது முடிய ஹிலரி கணக்கைக் கூட்டிக் காட்டினா. கடைசிக் குழியை அஞ்சு அடியிலை முடிச்சால் தொண்ணூற்றொன்பது. ரெண்டு இலக்கம். ஞானியண்ணை பெல்ற்றை இறுக்கினார்.

கடைசிக் குழி கிளப் வீட்டு ஜன்னலுக்கு நேரே. உள்ளுக்கு ஆக்கள் கோப்பையோடை நிண்டு பாக்கினம். நாலாவது அடியிலை அவரின்ரை பந்து குழிக்கு ஒரு முழத்திலை வந்து நிண்டுது. ஒரே ஒரு முழம். எட்டு வருசத்திலை ஆயிரம் தரம் பொக்கற்றுக்குள்ளை போட்ட தூரம்.

கிருஷ்ணராசாவின்ரை வாய் தன்ரை பாட்டிலை திறந்துது. கையுறையாலை பொத்திக்கொண்டார். நிரூபன் கண்ணை மூடினான். சிவரூபினி மட்டும், "ஆறுதலாப் போடுங்கோப்பா" எண்டா.

குனிஞ்சார். தள்ளினார். பந்து போய்க் குழியின்ரை விளிம்பிலை ஏறி, ஒரு அரைவட்டம் சுத்தி, வெளியிலை வந்து நிண்டுது.

ஞானியண்ணை ஒரு அடி எடுத்து வைச்சு, அதைத் தள்ளினார். டொக். குழிக்குள்ளை கையை விட்டுப் பந்தை எடுத்தார். நூறு. ஹிலரி தொப்பியைக் கழட்டி, அவரின்ரை கையைப் பிடிச்சு, அடுத்த வருசமும் என்னோடை விளையாடுங்கோ, அந்த ரோல்ஸையும் மறக்காமல் கொண்டுவாங்கோ எண்டு சொல்லிப்போட்டுப் போனா.

கார் விடுற இடத்திலை ஞானியண்ணை மட்டைப் பையை மரவேலியோடை சாத்தி வைச்சிட்டுக் கதவைத் திறந்தார்.

"அண்ணை, என்ன விளையாட்டு இது?" எண்டார் கிருஷ்ணராசா. "சபையிலை தொண்ணூற்றொன்பது எண்டு சொல்லுவம். ஆருக்குத் தெரியப்போகுது?"

"நூறு எண்டு நான்தான் சொல்லுவன். அதே மைக்கிலை. இனி ஒரு அடியும் எனக்கு ஒருத்தரும் விட்டுத் தரவேண்டாம்." கார்க் கதவை இன்னும் அகலத் திறந்தார். "மூண்டு இலக்கம் வந்தால் விட்டிட்டு வாறன் எண்டு சொன்னனான். விட்டிட்டு வாறன். ஏறுங்கோ."

"ஞாயிற்றுக்கிழமை விடிய உங்களை வீட்டிலை வைச்சு நான் என்ன செய்யிறது?" எண்டு சிவரூபினி கேட்டா. பகிடியாத்தான் தொடங்கினா, முடிக்கேக்கை அதிலை பகிடி இல்லை.

நிரூபன் மாமனுக்கும் காருக்கும் நடுவிலை வந்து நிண்டான். இவ்வளவு காலத்திலை அவன் அப்பிடி நிண்டதில்லை.

"மாமா, பந்துக்குத்தான் சட்டம். உள்ளுக்குப் போட்டுத்தான் ஆகவேணும். போட்டிட்டியள், நாங்கள் எல்லாரும் பாத்தனாங்கள். மைக்கிலை சொன்ன சொல்லுக்கு அப்பிடிச் சட்டம் ஒண்டும் இல்லை. அந்தச் சொல்லையும் ஒரு முழத்திலை கொண்டுவந்து நிப்பாட்டியிருக்கிறியள்." பையைக் காட்டினான். "காணும் மாமா. எடுங்கோ."

ஞானியண்ணை அவனைப் பாத்தார். மனிசியைப் பாத்தார். இந்த முறை தனக்கு என்ன தாறாங்கள் எண்டு அவருக்கு வடிவாத் தெரியும். நாரியைப் பிடிச்சுக்கொண்டு மெல்லக் குனிஞ்சு, பையை எடுத்தார்.